கடலோர வீட்டில் வெளிப்புற பிளக் பாயின்ட் மட்டும் ஏன் அடிக்கடி கெடுகிறது?

அலைக்கரை (கேள்வி)

எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. உள்ளே இருக்கும் பிளக் பாயின்டுகளால் எந்தத் தொல்லையும் இல்லை, வெளிச்சுவரில் இருப்பவைதான் மாற்ற மாற்றக் கெட்டுக்கொண்டே இருக்கின்றன. காரணம் தெரியாமல் மாற்றிக்கொண்டே இருப்பது சரியாகப் படவில்லை, அதுவும் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில்.

நடப்பதைச் சொல்கிறேன். மோட்டாருக்கான பாயின்டில் டெஸ்டர் எரிகிறது, மீட்டரில் வோல்டேஜும் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் மோட்டாரைப் போட்டால் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. அதே மோட்டாரை வீட்டுக்குள் இருக்கும் பாயின்டில் செருகினால் ஒழுங்காக ஓடுகிறது. இன்னொன்று, விடியற்காலையில் ஆர்சிசிபி (கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது, வெயில் ஏறியதும் தூக்கிவிட்டால் விழாமல் நிற்கிறது. வெளியே எல்லா சுவிட்சையும் அணைத்து வைத்திருந்தாலும், உள்ளே வாட்டர் ஹீட்டரைப் போடும்போது சில நாள் விழுகிறது, ஹீட்டரைச் சோதித்துப் பார்த்தாயிற்று, அதில் கோளாறு இல்லை.

எனக்குப் புரியாத விஷயம் வேறு. திறந்த சுவரில் மழையில் நேராக நனைகிற பாயின்ட் நன்றாக இருக்கிறது. கூரைச் சரிவுக்கு அடியில், ஒரு துளி மழை படாத இடத்தில் இருப்பதுதான் முதலில் கெடுகிறது. இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டிதான், ஐபி66 என்று போட்டிருக்கிறது.

பார்க்க வந்தவர் இரண்டு வழி சொன்னார்: பெட்டியைச் சுற்றி முழுக்க சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாம், அல்லது வெளி லைனை ஆர்சிசிபியிலிருந்து பிரித்து நேராகக் கொடுத்துவிடலாம். இரண்டில் எது சரி?

பித்தளைமுனை

முதலில் இரண்டாவது வழியை மறந்துவிடுங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தொடுகிற இடத்துக்குத்தான் ஆர்சிசிபி மிகவும் தேவை. அது விழுகிறது என்றால் எங்கேயோ கரன்ட் எர்த்துக்குக் கசிகிறது, அதைத்தான் சொல்கிறது. சொல்கிற ஆளை வெளியே அனுப்பிவிட்டால் கசிவு போய்விடாது.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்டரும் மீட்டரும் கிட்டத்தட்ட கரன்டே இழுக்காதவை. சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைக் கிளிப்பில் களிம்பு பிடித்து, தொடும் இடம் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தாலும் மீட்டரில் முழு வோல்டேஜ் வரும். லோடு போட்டால்தான் உண்மை தெரியும். தொடுமுனையில் 0.5 ஓம் தடை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் அங்கே 5 வோல்ட் விழும், அது பெரிய விஷயமில்லை என்று தோன்றும், ஆனால் அந்த இடத்தில் மட்டும் 50 வாட் சூடு. கட்டைவிரல் நகம் அளவு உலோகத்தில் 50 வாட் என்றால் பிளாஸ்டிக் இளகும், ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் ஏறும், அப்புறம் சூடும் ஏறும். மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரன்டைப் போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும், அந்த நொடியில்தான் கெட்ட முனை கைவிட்டுவிடும், மோட்டார் உறுமி நிற்கும். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள், வைண்டிங் போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சூட்டை ஆர்சிசிபியும் பார்க்காது, கரன்ட் அளவு மீறினால் துண்டிக்கும் எம்சிபியும் பார்க்காது. போன கரன்டு அப்படியே திரும்பி வருகிறது, அளவும் மீறவில்லை, அவற்றைப் பொறுத்தவரை எல்லாம் சரி. எனவே கொஞ்ச நேரம் லோடு ஓடிய பிறகு மெயினை அணைத்துவிட்டு, பிளக்கை எடுத்து அதன் பின்னைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பின் மட்டும் சுடுகிறது, அல்லது பிளாஸ்டிக் பழுப்பு ஏறியிருக்கிறது என்றால் அந்த சாக்கெட்டை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது அந்த மோட்டாரின் பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கருத்துப் பொரிந்துபோன பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால் புதுக் கிளிப்பின் முலாமை அது சுரண்டிவிடும், பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதும் அதே கெடுதல்தான், களிம்போடு நிக்கல் முலாமும் போய்விடும், அடுத்த களிம்பு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

ஈரக்காற்று

கூரைக்கு அடியில் இருப்பது முதலில் கெடுகிறது என்பது விசித்திரம் இல்லை, கடலோரத்தில் அப்படித்தான் நடக்கும். மழை இங்கே எதிரி இல்லை, ஒரு விதத்தில் துணை. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் தூளாக வந்து எல்லாச் சுவரிலும் படிகின்றன. திறந்த சுவரில் படிந்ததை ஒவ்வொரு மழையும் கழுவிவிடுகிறது. கூரைக்கு அடியில் படிந்தது அங்கேயே சேர்ந்துகொண்டே போகிறது, கழுவ ஆளில்லை. துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடிகளில்கூட மழை படாத அடிப்பக்கம்தான் முதலில் பழுப்புக் கறை ஏறும், கவனித்துப் பாருங்கள்.

உப்பு படிந்தால் என்ன, காய்ந்துதானே இருக்கிறது என்று நினைக்கலாம். அது காய்ந்து இருப்பதில்லை. சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு சுமார் 33 சதவீதமே போதும். கடற்கரையில் 33 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் இறங்கும் நேரம் எவ்வளவு குறைவு என்று நினைத்துப் பாருங்கள். அதாவது உப்புப் படலம் வருடத்தில் பெரும்பாலான நேரம் ஈரமாகவே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புத்தண்ணீர், அது மின்சாரத்தைக் கடத்தும்.

அந்தத் தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. உலோகத்தில் இருக்கும்போது குளோரைடு அதன் பாதுகாப்பு ஆக்சைடு படலத்தை உடைக்கிறது. பித்தளையில் துத்தநாகம் தனியாகக் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் பஞ்சுபோல நுண்துளைகளோடு மிஞ்சும். பார்க்கப் பித்தளை வடிவமாகவே இருக்கும், மஞ்சள் போய்ச் சிவப்பேறியிருக்கும், அழுத்தினால் உடையும், ஸ்பிரிங் விசை இருக்காது. பாஸ்பர் பிரான்ஸ் கிளிப் உள்ள சாக்கெட்டுகள் இந்த விஷயத்தில் நன்றாகத் தாங்குகின்றன, கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பிளாஸ்டிக்கில் இருக்கும்போது இன்னொரு வேலை. ஃபேஸ் (கரன்ட் வரும்) முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவில் உள்ள பரப்பில் உப்பீரம் பாலம் போடுகிறது. மில்லி ஆம்பியர் கணக்கில் கசிவு ஓடும், அந்தச் சூட்டில் படலம் ஒரு இடத்தில் காயும், காய்ந்த இடைவெளியைத் தாண்டி நுண்பொறி பறக்கும், பொறி பட்ட பிளாஸ்டிக் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அப்புறம் ஈரமே தேவையில்லை, கரிக்கோடே வழியாகிவிடும். பெட்டியைத் திறந்தால் முனைகளுக்கு நடுவில் மரக்கிளைபோலக் கறுப்புக் கோடு தெரிந்தால், துடைத்துவிட்டு மூடாதீர்கள், எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

விடியற்காலையில் விழுவதும் இதனால்தான். காற்று 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருந்தால், 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனி படியும். நாலே டிகிரி வித்தியாசம். இரவு முழுவதும் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்த சுவரும் பெட்டியும் அதற்குக் கீழே எளிதாக இறங்கும். வெயில் வந்ததும் காய்கிறது, கசிவு குறைகிறது, நீங்களும் தூக்கிவிடுகிறீர்கள்.

பூஜ்யகம்பி

சுவிட்ச் அணைத்திருந்தும் ஏன் விழுகிறது என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன்.

சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். கரன்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி எப்போதும் சாக்கெட்டின் முனை வரை இணைந்தே இருக்கும். அந்த நியூட்ரல் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவில் உப்பீரம் இருந்தால் அங்கே ஒரு குறுக்கு வழி உண்டு. வீட்டில் லோடு குறைவாக இருக்கும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இருக்காது, அதனால் ஒன்றும் நடக்காது. உள்ளே ஹீட்டர் போன்ற பெரிய லோடு போட்டதும் நியூட்ரலில் கரன்டு ஏறும், நியூட்ரல் எர்த்தைவிட ஓரிரு வோல்ட் உயரும், திரும்ப வேண்டிய கரன்டில் ஒரு பங்கு இந்தக் குறுக்கு வழியாக எர்த்துக்குப் போய்விடும். போனதற்கும் வந்ததற்கும் கணக்கு உதைக்கும், ஆர்சிசிபி விழும். வீடுகளில் பொதுவாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர், சிலது அதற்கும் முன்பே விழும். பாவம், குற்றம் செய்யாத ஹீட்டரைக் கழற்றிச் சோதிப்பார்கள்.

வெளி லைனுக்கு டபுள் போல் சுவிட்ச் அல்லது டபுள் போல் எம்சிபி போட்டு, அதை உள்ளே பலகையிலேயே வைத்துவிடுங்கள். அணைத்தால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் துண்டிக்கும். முடிந்தால் வெளி லைனுக்குத் தனி ஆர்சிசிபி, அதுவும் உள்ளே, உலர்ந்த இடத்தில். விழுந்தால் வெளிப்புறம் மட்டும் அணையும், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும், நள்ளிரவில் எழுந்து தேட வேண்டாம்.

கசிவு எந்தப் பெட்டியில் என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டரின் ஓம் அளவீடு உதவாது, அதன் சில வோல்ட் இந்த மாதிரிப் படலத்தைக் காட்டிக்கொடுக்காது. மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்து 500 வோல்ட் டிசியில் பார்க்க வேண்டும், மெயினை அணைத்து, செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தனித்தனியாக. 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த லைன் தேறவில்லை. இதைக் காலையில், விழுகிற நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். மதியம் வந்து மெகர் போட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை.

அலைக்கரை

மூவருக்கும் நன்றி. ஹீட்டர் விஷயம் இப்போதுதான் புரிகிறது. ஆர்சிசிபியைப் பிரிக்கப் போவதில்லை. ஆனால் சிலிக்கான் அடைப்பது நல்லதா கெட்டதா? ஐபி66 பெட்டிக்குள்ளேயே தண்ணீர்த் துளி நிற்கிறதே, அது எப்படி?

நங்கூரம்

என் அனுபவத்தில் அடைப்பதுதான் தீர்வு. சுற்றிலும் நான்கு பக்கமும் சிலிக்கான் வைத்துவிட்டால் காற்றும் போகாது, உப்பும் போகாது. எனக்கு இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது.

ஈரக்காற்று

நங்கூரம் அவர்களே, மேல் விளிம்பிலும் இரண்டு பக்கங்களிலும் வையுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். அடி விளிம்பை அடைப்பதில்தான் என் எதிர்ப்பு.

பெட்டி மூச்சு விடும். வெயிலில் 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடானால் உள்ளே இருக்கும் காற்று பத்தில் ஒரு பங்கு விரியும், ஏதாவது இடுக்கு வழியாக வெளியேறும். திடீரென்று மழை பெய்து பெட்டி குளிர்ந்தால் அதே பங்கு உள்ளே இழுக்கப்படும். முழுக்க அடைத்து வைத்திருந்தால் அந்த வித்தியாசம் அழுத்தமாக நிற்கும், சுமார் 10 கிலோ பாஸ்கல், அதாவது ஒரு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். வெயிலில் இறுகிப்போன ரப்பர் கேஸ்கெட் அதைத் தாங்காது. சரியாக மழை நேரத்தில், ஈரமான கேஸ்கெட் வழியாக, பெட்டி தண்ணீரையே உறிஞ்சும். வயர் வரும் கன்ட்யூட் குழாய் வழியாகவும் ஈரக்காற்று வரும், அதை யாரும் அடைப்பதில்லை. உள்ளே வந்தது வெளியேற வழியில்லை என்றால் அடியில் தேங்கும். நீங்கள் பார்த்த துளிகள் அவைதான்.

ஐபி எண்ணைக் குறை சொல்லவில்லை, அது வேறு கேள்விக்குப் பதில். முதல் 6 தூசி புகாது என்பதற்கு, அடுத்த 6 பலமான தண்ணீர்ப் பீய்ச்சலுக்கு. புதுப் பெட்டியை, நல்ல தண்ணீரில், சிறிது நேரம் சோதித்துக் கொடுக்கும் எண். உப்பு, வெயிலில் கேஸ்கெட் இறுகுவது, உள்ளே பனி படிவது எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அதோடு பல சாக்கெட்டுகளில் அந்த எண் மூடி சாத்தியிருக்கும்போது மட்டும்தான். பிளக்கைச் செருகி மூடியைத் திறந்தே வைத்திருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எப்போதும் செருகியே இருக்கும் மோட்டாருக்கு, பிளக்கோடு சேர்த்து மூடும் ஆழமான மூடி வாங்குங்கள்.

செய்ய வேண்டியது இது: பெட்டியின் அடியில், மிகத் தாழ்வான இடத்தில் வடிகால் துளை இருக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் தட்டி எடுக்கும்படி அடையாளம் வைத்திருப்பார்கள், அதையே பயன்படுத்துங்கள். எறும்பு புகும் என்று பயந்தால் வலை வைத்த வடிகால் பிளக் கிடைக்கிறது. கேபிள் அடியிலிருந்து நுழையட்டும், நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கன்ட்யூட் வாயை உள்ளே மக்கு வைத்து அடையுங்கள்.

சிலிக்கான் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், காடி வாசனை வந்தால் வேண்டாம். உலரும்போது அசிட்டிக் அமிலம் விடுகிற வகை அது, மூடிய பெட்டிக்குள் செம்பை அதுவே அரிக்கும். நியூட்ரல் க்யூர் (அந்த அமிலம் விடாதது) என்று போட்டிருக்கும் வகைதான் மின்வேலைக்கு.

நங்கூரம்

கன்ட்யூட் வாயை அடைப்பது நான் யோசிக்காத விஷயம், நல்ல குறிப்பு. கிரீஸ் தடவலாமா? தெளிக்கிற எண்ணெய் அடித்தால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பித்தளைமுனை

தெளிக்கிற எண்ணெய் ஈரத்தை அப்போதைக்கு விரட்டும், ஆவியான பிறகு மிஞ்சுவது மெல்லிய படலம், அதில் தூசியும் உப்பும் ஒட்டும். கரன்டு இருக்கும்போது அடிப்பது ஆபத்து, அதில் உள்ள கரைப்பான் தீப்பிடிக்கும். சிலிக்கான் கிரீஸ் நல்லது, ஆனால் இடம் பார்த்து: கேஸ்கெட்டில், மூடியின் கீலில், முறுக்கி முடித்த ஸ்க்ரூ முனைகளின் மேல் மெல்லிதாக. கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் தளர்ந்த கிளிப்புக்கு அது மருந்து ஆகாது. வயர் நுனி கறுத்திருந்தால் பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டி எடுங்கள், பல இழை வயரில் உப்பீரம் உறைக்குள்ளேயே இழைகளுக்கு நடுவில் ஏறியிருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் வெளி லைனுக்கு அதைப் போடுங்கள், படகுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகில் 316 வகையாக இருக்கட்டும், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்புக்கு 304 வகையைவிட நன்றாகத் தாங்கும். அலுமினியப் பெட்டியாக இருந்தால் எஃகு ஸ்க்ரூ தொடுகிற இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொரியும், கடலோரத்துக்கு நல்ல பாலிகார்பனேட் பெட்டியே மேல்.

அப்புறம் கூரைக்கு அடியில் இருக்கும் பெட்டியை மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் வெளியே துடையுங்கள். ஹோஸ் வைத்து அடிக்க வேண்டாம். மழை செய்யாத வேலையை நாம் செய்கிறோம், அவ்வளவுதான்.

அலைக்கரை

இன்று மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து திறந்து பார்த்தோம். மோட்டார் பாயின்டில் களிம்பு, ஒரு பக்கம் பழுப்பு. தோட்டத்துப் பக்கப் பாயின்ட் ஒன்றால் முன்பு ஆர்சிசிபி அடிக்கடி விழும், கொஞ்ச நாளாக விழவில்லை, அதனால் அதை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

பூஜ்யகம்பி

அதை விடாதீர்கள், இன்றைக்கே திறந்து எர்த் முனையைப் பாருங்கள்.

கசிவு எர்த் வழியாகப் போனால்தான் ஆர்சிசிபி விழும். எர்த் கம்பியே ஸ்க்ரூவில் அரித்து அறுந்துபோயிருந்தால் கசிவுக்குப் போக வழியில்லை, ஆர்சிசிபி அமைதியாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குணமானதுபோல இருக்கும். உண்மையில் அங்கே செருகும் கருவியின் உலோக உடல் கரன்டோடு காத்திருக்கும், தொடுகிற மனிதர் வழியாகத்தான் அது எர்த்துக்குப் போகும், அப்போதுதான் ஆர்சிசிபி விழும். எர்த் முனையில் சாதாரணமாகக் கரன்டு ஓடாததால் அது கெட்டிருந்தாலும் எந்தக் கருவியும் நிற்காது, விளக்கு மங்காது, ஒன்றும் காட்டிக்கொடுக்காது.

சாக்கெட்டின் எர்த் துளைக்கும் பலகையில் இருக்கும் எர்த் பட்டைக்கும் நடுவில் தொடர்ச்சி பார்க்கச் சொல்லுங்கள், ஓமின் பின்னத்தில்தான் வர வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம், அது ஆர்சிசிபியின் உள்பாகம் இறுகிப்போகவில்லை என்று காட்டும். ஆனால் அந்தப் பொத்தான் எர்த் கம்பியைச் சோதிப்பதில்லை, பொத்தான் வேலை செய்கிறது என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைப் பார்க்கும்வரை அந்தப் பாயின்டில் எதையும் செருக வேண்டாம், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.